பெட்டி எடை

அந்தச் சாமான்கள் வந்த அன்றைக்கும் தென்மேற்குக் காற்றுதான். ஸ்கார்நெஸ் முனையைத் தாண்டி ஒரு படகும் போகவில்லை. துறையில் கட்டிக் கிடந்த படகுகள் ஒன்றோடொன்று உரசி முனகிக்கொண்டிருந்தன. ஹில்மர் தன் படகின் கயிறுகளை இறுக்கிக் கட்டிவிட்டு, அப்போதுதான் வீட்டுக்குள் வந்து நின்றான். தொடை வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கனத்த கம்பளிச் சட்டை, இடுப்பு வாரில் கத்தி. உடம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சாமான்களைக் கொண்டுவந்தவன் ஊராட்சிச் சுகாதாரப் பிரிவிலிருந்து வந்த வழுக்கைத் தலைக்காரன். துணி துவைக்கிற அறையில் அவற்றைப் பரப்பி வைத்திருந்தான். ஏறி நின்று எடை பார்க்க ஒரு மிஷின், கையில் சுற்றிக்கொள்ள ஒரு பிரஷர் பட்டி, இவை இரண்டும் சொல்வதைக் கேட்டு நகரத்துக்குச் சொல்லும் ஒரு திரைப்பலகை.

"ஏறி நில்லுங்க, வேலை செய்யுதான்னு பாப்போம்."

"இப்படியேவா?" என்றான் ஹில்மர்.

"சும்மா சோதனைக்குத்தான்."

ஹில்மர் ஏறி நின்றான். பலகை குருவி மாதிரி ஒரு சத்தம் போட்டது. ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"தொண்ணூத்தஞ்சு. போயிடுச்சு."

"எங்க போயிடுச்சு?"

"நகரத்துக்கு. அங்க நர்ஸ் பாப்பாங்க."

ஹில்மர் சட்டென்று கீழே இறங்கி, மிஷினைச் சுற்றி ஒரு தரம் நடந்து பார்த்தான். கம்பி எதுவும் இல்லை. "நான் இறங்கறதுக்குள்ளயே சொல்லிடுச்சா?" என்றான். வழுக்கைத் தலைக்காரன் சிரித்தான். அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி ரக்னாவும் சிரித்தாள். ஹில்மர் சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குச் சற்று முன்னால்தான் அவனை ஆம்புலன்ஸ் படகில் ஏற்றிப் போனார்கள். நெஞ்சில் தண்ணீர் கோத்து, படுத்தால் மூச்சு முட்டி, உதடு நீலமாகி விட்டிருந்தது. இதயத்தின் பம்பு தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். தண்ணீரை மருந்து கொடுத்து இறக்கி அனுப்பும்போது ஹில்மர் கேட்டது ஒரே கேள்விதான்.

"பருவத்துக்குக் கடலுக்குப் போலாமா?"

பிப்ரவரியில் காட் மீன் முட்டையிடக் கரைக்கு வரும். ஒரு வருஷத்துப் பிழைப்பு அந்தச் சில வாரங்களில்தான். படகு எடுக்க உடம்புச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் இதே டாக்டர்தான்.

"எடை கூடாம நிலையா இருந்தா பிப்ரவரி நடுவுல பாக்கலாம்" என்றார் டாக்டர்.

தண்ணீர் திரும்பச் சேர்ந்தால் மூச்சு முட்டுவதற்கு முன்பே எடை ஏறிவிடுமாம். அதைப் பிடிக்கத்தான் இந்த மிஷின். ரக்னாவுக்கு அது புரிந்தது. ஹில்மரின் காதில் விழுந்தது 'நிலையா இருந்தா' என்ற ஒரு வார்த்தை மட்டும்தான்.

மறுநாள் பலகையில் ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. பெயர் இங்வில். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தாள். பின்னால் ஒரு காபிக் கோப்பையும் வாடிய செடியும் தெரிந்தன.

"ஹில்மர், ஆஸ்பத்திரியில எடுத்ததை விட ஆறேழு கிலோ கூடக் காட்டுதே?"

"அங்க போட்ட சாப்பாடு அப்படி. வீட்டுக்கு வந்துதான திங்கிறேன்."

"ரெண்டு நாள்லயா?"

"என் பொண்டாட்டி சமையலைத் தின்னு பாத்தா நீயும் ஏறுவ."

இங்வில் சிரித்துவிட்டு எதையோ தட்டினாள். "ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு தரையில ஒவ்வொரு மாதிரி காட்டும். இனிமே இந்த மிஷின் சொல்றதுதான் நமக்கு அடிப்படை. இதுலேர்ந்து ரெண்டு கிலோ ஏறினா எனக்கு மஞ்சள் எரியும். தினமும் காலையில, ஒண்ணுக்கு இருந்துட்டு, சாப்பிடறதுக்கு முன்னால, ஒரே மாதிரி லேசான உடுப்புல ஏறுங்க. சரியா?"

"சரி சரி."

"பலகையில படங்கள் இருக்கு. உப்பைப் பத்தி, மாத்திரையைப் பத்தி, கால் வீக்கத்தைப் பத்தி. ரெண்டு பேருமே பாருங்க."

முகம் மறைந்ததும் ஹில்மர் தன் மழைத்தொப்பியை எடுத்துப் பலகையின் மேல் கவிழ்த்தான்.

"அவ உன்னைப் பாக்கல. கூப்பிட்டாத்தான் பாப்பா" என்றாள் ரக்னா.

"அப்படித்தான் சொல்லுவாங்க."

"உன் மூஞ்சியைப் பாத்து அவளுக்கு என்ன ஆகப் போவுது?"

"ஆர்னுல்ஃப் தலை சுத்துதுன்னு டாக்டர்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னான். அதோட அவன் கடல் முடிஞ்சுது. இப்ப கடை வாசல்ல நின்னு லாட்டரி சீட்டு சுரண்டிட்டுக் கிடக்கான். அவன் வாயால சொன்னான். எனக்கு இந்தப் பலகை சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்."

ரக்னா உப்புப் போடாமல் வேகவைத்த மீனை இறக்கி வைத்தாள். அவன் ஒரு வாய் மென்றுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே, "இதை மீனுன்னு யாராவது சொல்லிட்டுப் போகட்டும்" என்றான்.

ரக்னாவுக்கு மீன் ஆலையில் வேலை. வந்திறங்கும் மீன் தலை போய்க் குடல் போய், ஓடும் கன்வேயர் பட்டையில் நகர்ந்து வரும். பெட்டியில் ஐஸ் போட்டு, மீன் அடுக்கி, எடை பார்த்து மூடித் தள்ள வேண்டும். காலையிலிருந்து நிற்கிற வேலை. இரண்டு கையுறை போட்டாலும் குளிர் எலும்புக்குள் வரும். எதிரில் நின்று அதே வேலையைச் செய்கிறவள் யோரூன். அவள் கையை விட வாய் வேகமாக ஓடும்.

"உன் வீட்டுப் பலகை என்ன சொல்லுது?"

"பச்சைன்னு சொல்லுது. தினமும் வெளிய வந்து ஒரு வார்த்தை, 'பச்சை'ன்னுட்டு காபி கேப்பான்."

"என் வீட்டுக்காரனுக்கும் ஒண்ணு கேட்டு வாங்கணும். அவன் மேல ஒரு விளக்கு எரிஞ்சா எவ்வளவு வசதி! சிவப்பு எரிஞ்சா நான் வீட்டுக்கே போகாம இங்கயே நிப்பேன்."

ரக்னா சிரித்தாள். ஆனால் அந்த வாரமே ஏதோ ஒன்று அவளை உறுத்த ஆரம்பித்தது.

ஹில்மர் காலையில் எழுந்ததும் பூட்ஸ் போட்டுக்கொண்டு படகைப் பார்க்கப் போகிறவன். அந்தப் பூட்ஸ் கதவோரம் அப்படியே கிடந்தது. அவன் மரக்கட்டைச் செருப்பில் துறைக்குப் போய் வந்தான்.

"பூட்ஸுக்கு என்ன?"

"ஒழுகுது."

ரக்னா அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். ஒழுகவில்லை. கேட்டால் சண்டை வரும் என்று தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துடைத்து வைத்தாள்.

அடுத்து, இடுப்பில் எப்போதும் தொங்கும் கத்தி ஆணியில் ஏறியது. சட்டைப் பையில் கிடக்கும் சாவிக்கொத்து, தூண்டில் முள் டப்பா, மூக்குப்பொடி டப்பா எல்லாம் சன்னல் திட்டில் வரிசையாக உட்கார்ந்தன. பிறகு ஒரு காலையில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெறும் பனியனோடு துவைக்கிற அறையிலிருந்து வந்தான். வெளியே பனி சன்னல் பாதி வரைக்கும் ஏறியிருந்தது.

"குளிரலையா உனக்கு?"

"புழுக்கமா இருக்கு."

"இந்த ஊர்லயா?"

"பச்சை. காபி குடு."

அறைக்குள் போனால் உள்ளே கொக்கி போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் கக்கூஸுக்குக்கூட ஒழுங்காகக் கொக்கி போட்டதில்லை. ரக்னா அடுப்படியில் நின்று காதைத் தீட்டிக்கொள்வாள். உள்ளே துணி உரசும் சத்தம் கேட்கும், பிறகு கொஞ்சம் அமைதி, பிறகு பலகையின் குருவிச் சத்தம். சில நாள் குருவிச் சத்தத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் ஆகும்.

ராத்திரி படுக்கையில் படுப்பதையும் விட்டுவிட்டான். முதுகு வலி என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கினான்.

ஜனவரி கடைசியில் சூரியன் திரும்பி வந்தது. அந்த வடகோடியின் குளிர்கால இருட்டில் இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த வெயில் மலை இடுக்கில் ஒரு நாணயம் போல எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. ஆலையில் எல்லோருக்கும் இனிப்பு ரொட்டி கொடுத்தார்கள். துறையில் தார் வாசனை, பெயிண்ட் வாசனை, வானொலிச் சத்தம். ஆண்கள் தூண்டிலில் இரை கோக்கிற கொட்டகைகளில் விளக்கு எரிந்தது. அன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ரக்னா வாசலிலேயே நின்றுவிட்டாள். நாற்காலியில் யாரோ ஒரு அந்நியன் உட்கார்ந்திருந்தான்.

தாடியை மழித்திருந்தான் ஹில்மர். கல்யாணப் படத்தில்கூடத் தாடியோடு நிற்கிறவன். தலையையும் ஒட்ட வெட்டியிருந்தான். தாடிக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த கன்னம் வெளுத்து, மைதா மாவு போல உப்பியிருந்தது.

"இது என்ன கோலம்?"

"அரிப்பு."

"முப்பத்தஞ்சு வருஷமா அரிக்காத தாடி இன்னிக்கு அரிச்சுதா?"

"ஆமா, இன்னிக்குத்தான் அரிச்சுது."

மறுநாள் ஆலையில் சொன்னபோது யோரூன் கையில் இருந்த மீனைக் கீழே போட்டுவிட்டாள்.

"அறுபத்து மூணு வயசுல தாடிய எடுக்கறானா? கொக்கி போட்டுக்கறானா? கண்ணாடி முன்னால நேரம் எடுத்துக்கறானா? ரக்னா, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அந்தப் பலகைப் பொண்ணு எப்படி இருப்பா?"

"போடீ. அவளுக்கு எங்க மகள் வயசு."

"அதனாலதான் கேக்கறேன்."

"கண்ணாடியே இல்லடி அந்த ரூம்ல. துவைக்கிற மிஷினும் ஐஸ்பெட்டியும்தான் இருக்கு."

"அப்ப இன்னும் மோசம். ஐஸ்பெட்டிக்காக எவன் தாடி எடுப்பான்?"

பட்டையே நின்றுவிடும் அளவுக்கு எல்லோரும் சிரித்தார்கள். ரக்னாவும் சிரித்தாள். ஆனால் அடுத்த பெட்டியை எடை பார்க்காமலே மூடித் தள்ளினாள்.

அந்த வாரம் ஹில்மர் கொட்டகைக்குப் போயிருந்த ஒரு மதியம் ரக்னாவின் கைபேசி அடித்தது. இங்வில்.

"ரக்னா, உங்ககிட்டத் தனியா ஒண்ணு கேக்கலாமா? அவர் கிட்டக் கேட்டா எல்லாம் நல்லாருக்குங்கறார். மிஷின் ஏதாவது சுவரோரம் முட்டிக்கிட்டு நிக்குதா?"

"இல்லையே. ஏன்?"

"எடை அசையவே மாட்டேங்குது. தொண்ணூத்தஞ்சு, அதுக்கு இந்தப் பக்கம் நூறு கிராம், அந்தப் பக்கம் நூறு கிராம். மேசை மாதிரி இருக்கு. மனுஷ உடம்பு அப்படி நிக்காது. ஒரு நாள் மலச்சிக்கல் வந்தாலே ஏறும். ஆனா பிரஷரும் நாடியும் வேற மாதிரி சொல்லுது. நாடி வேகமா ஓடுது."

ரக்னாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. கொக்கி, தாடி, பூட்ஸ், நாற்காலித் தூக்கம். சன்னல் வழியே துறை தெரிந்தது. அவர்களுடைய 'டெர்னா' தெரிந்தது, ஆலாப் பறவையின் பெயர் வைத்த வெள்ளைப் படகு. போன வருஷப் பருவத்தில் அது கழுத்து வரைக்கும் மீனோடு முனையைச் சுற்றி வந்தது.

"நான் சொல்றது அந்த டாக்டர்கிட்டப் போகுமா? சான்று குடுக்கற டாக்டர்கிட்ட?"

"ஒரே டாக்டர்தான், ரக்னா. போகாதுன்னு சொன்னா அது பொய்."

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. தினமும் ஏறுறான்" என்று சொல்லிவிட்டு ரக்னா பேச்சை முடித்துக்கொண்டாள். முடித்த பிறகு கைபேசியை மேசைமேல் குப்புற வைத்தாள். தானும் மழைத்தொப்பி கவிழ்க்கிற ஆளாகிவிட்டது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

எழுந்து போய்ப் பலகையின் மேலிருந்த தொப்பியை எடுத்தாள். படங்களை அவள் பாதி பாதியாகத்தான் பார்த்திருந்தாள். இப்போது முழுக்கப் பார்த்தாள். ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டுகிறான். ஒரு பெண் அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுக்கிறாள். குழி விழுகிறது. குழி மறையாமல் நின்றால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று ஒரு குரல் சொல்கிறது. இரவில் தலையணையை உயர்த்திக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ தூங்க வேண்டியிருந்தால் உடனே தெரிவியுங்கள் என்கிறது. இதை ஹில்மரும் ஒரு தரம் பார்த்திருக்கிறான். "அவன் நடிகன். ஓஸ்லோக்காரன். படகுல காலே வச்சிருக்க மாட்டான்" என்று எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவித்த காட், ஈரல், சினை, உருளைக்கிழங்கு. ஹில்மர் பாதித் தட்டிலேயே நிறுத்திக்கொண்டான். ஈரலை மிச்சம் வைப்பது அவன் வழக்கம் இல்லை. பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போல நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளை நெஞ்சில் போட்டுக்கொண்டு தூங்கிப் போனான். மூச்சு ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி வந்தது.

ரக்னா அவன் காலடியில் உட்கார்ந்து கால்சட்டையை மெல்ல மேலே தள்ளினாள். காலுறை வாரின் தடம் கயிறு கட்டியதுபோலப் பதிந்திருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று அழுத்தினாள். அதுவும் நின்றது. மாவில் விரல் வைத்ததுபோல இரண்டு குழிகளும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹில்மர் கண்ணைத் திறந்தான். "என்ன பண்ற?"

"காலுறை ஓட்டையா இருக்கான்னு பாத்தேன்."

"இருக்கா?"

"இல்ல" என்றாள் ரக்னா.

இருவரும் பொய் சொல்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரிந்தது. காபி குடித்தார்கள்.

மறுநாள் ஆலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் எடை ஏறவில்லை. எப்படி? மிஷின் பொய் சொல்கிறதா? இங்வில் பொய் சொல்கிறாளா? வெறும் பெட்டி ஒன்றை எடைமேல் வைத்தாள். பொத்தானை அழுத்தினாள். பெட்டியின் எடை கழிந்து எண் பூஜ்யத்துக்கு வந்தது. இதை ஒரு நாளைக்கு எத்தனை நூறு தரம் செய்கிறாளோ தெரியாது. இதற்கப்புறம் பெட்டிக்குள் வைக்கிறதெல்லாம் மீன்.

அவள் கை அப்படியே நின்றது.

அந்த முதல் நாள். சும்மா சோதனைக்குத்தான். தொடை வரைக்கும் பூட்ஸ், கத்தி, ஈரக் கம்பளி, பை நிறையச் சாவி. அதுதான் அடிப்படை எடை. முதலில் பூட்ஸ் போயிற்று. பிறகு கத்தி. பிறகு பைச்சாமான். பிறகு கம்பளி. பிறகு தாடி. உள்ளே மீன் ஏற ஏற இவன் பெட்டியைக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"என்னடி, பேயடிச்ச மாதிரி நிக்கற?" என்றாள் யோரூன். "பலகைப் பொண்ணுதானா?"

"இல்ல" என்றாள் ரக்னா. "அதுவா இருந்தா நல்லாருந்திருக்கும்."

மறுநாள் காலை ஹில்மர் துவைக்கிற அறைக்குள் போய்க் கொக்கி போட்டதும், ரக்னா ஆணியில் தொங்கிய அவன் கத்தியையே எடுத்தாள். கதவிடுக்கில் அலகை நுழைத்துக் கொக்கியை மேலே தள்ளினாள். கதவு திறந்தது.

ஹில்மர் பிறந்த மேனியாக மிஷின்மேல் நின்றான். காலடியில் எண் தொண்ணூற்றைந்துக்கும் அதற்கு மேல் நூறு கிராமுக்கும் நடுவே தாவிக்கொண்டிருந்தது. வயிறு பறை மாதிரி இறுகியிருந்தது. கால்கள் கெண்டைக்கும் கணுக்காலுக்கும் பேதம் இல்லாமல் தூண்போல இருந்தன. கழற்றிய துணிகளைத் துவைக்கிற மிஷின்மேல் ஒழுங்காக மடித்து வைத்திருந்தான். இடது கை விரலெல்லாம் சோப்பு நுரை. கல்யாண மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் இறால் நிறத்துக்குச் சிவந்திருந்தது.

"கதவைச் சாத்து. குளிர் வருது" என்றான்.

"இனிமே என்னத்தக் கழட்டப் போற? தோலையா?"

அவன் மோதிரத்தை இன்னொரு திருகு திருகினான்.

"அந்த மோதிரம் எவ்வளவு இருக்கும், ஹில்மர்?"

"நாலஞ்சு கிராம்."

"அதுக்காகவா சோப்புப் போட்டு இழுக்கற?"

"மிஷின் நூறு நூறு கிராமாத் தாவுது" என்றான். மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "விளிம்புல நிக்கும்போது... அஞ்சு கிராம்ல இந்தப் பக்கம் விழுந்துரும். உனக்குத் தெரியாதா?"

ரக்னாவுக்குத் தெரியும். ஆலையில் ஒரு துண்டு ஐஸ் அப்படி விழ வைக்கும். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கிவிட்டு ஐஸ்பெட்டி மேலிருந்த போர்வையை எடுத்து அவன் தோளில் போட்டாள்.

"மாத்திரை போடறியா இல்லையா? தண்ணி இறக்கற மாத்திரை."

"போட்டா அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு வருது. ரப்பர் உடுப்பைப் போட்டுக்கிட்டு, ஆடுற படகுல, ஒத்தை ஆளா எப்படிப் போறது? பழக வேண்டாமா? பருவத்துக்கு முன்னாலயே பழகிக்கலாம்னு விட்டுட்டேன்."

"எதுக்குப் பழகற? மூச்சு விடாம இருக்கவா?"

"ரக்னா, இன்னும் பத்து நாள். டாக்டர் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் எல்லா மாத்திரையும் போடறேன். அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லாத. நீ சொல்லலேன்னா அதுக்குத் தெரியாது."

"இறங்கு."

"ரக்னா."

"இறங்குடா மனுஷா."

அவன் இறங்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான். ரக்னா கதவோரம் போய்ப் பூட்ஸை எடுத்து வந்தாள். ஆணியிலிருந்து வாரை எடுத்து, கத்தியை உறையில் போட்டாள். சன்னல் திட்டிலிருந்து சாவிக்கொத்தையும் இரண்டு டப்பாக்களையும் அள்ளினாள். கம்பளிச் சட்டை, கால்சட்டை, பனியன், நீள உள்ளாடை, காலுறை எல்லாவற்றையும் சேர்த்து, பெட்டியில் மீன் அடுக்குகிற அதே கையால் எடை மிஷின்மேல் அடுக்கினாள். எதுவும் தரையைத் தொடாமல் பார்த்துக்கொண்டாள்.

"என்ன பண்ற? அது போயிரும்! நகரத்துக்குப் போயிரும்!"

குருவிச் சத்தம் கேட்டது. ஏழு கிலோ இருநூறு. பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது.

காபி கொதிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பலகை மணி அடித்தது. ஹில்மர் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துக்கொண்டான். ரக்னா திரையைத் தொட்டாள்.

"ரக்னா? இங்க ஏழு கிலோன்னு வந்திருக்கு. மிஷின் கெட்டுப் போச்சா?"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. அது ஹில்மரோட துணி. பூட்ஸ், கத்தி எல்லாம் சேத்து. முதல் நாள் அவ்வளவையும் போட்டுக்கிட்டுத்தான் ஏறினான். அப்புறம் தினமும் ஒண்ணொண்ணாக் கழட்டிட்டு வந்திருக்கான். இன்னிக்குக் கழட்ட ஒண்ணும் மிச்சம் இல்ல. எண்ணு மட்டும் அதே தொண்ணூத்தஞ்சு." அவள் ஹில்மரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஏழு கிலோவும் இப்ப அவன் உடம்புக்குள்ள தண்ணியா இருக்கு."

இங்வில் கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். "முதல் நாளே எனக்கு உறுத்துச்சு. நான் கேட்டிருக்கணும், என்ன உடுப்புலன்னு. கேக்காம விட்டேன்." பிறகு குரல் மாறியது. "ஹில்மர் எங்க? மூச்சு எப்படி இருக்கு? அவரைக் காட்டுங்க."

"எனக்குத் துணி இல்ல" என்றான் ஹில்மர் மூலையிலிருந்து.

"நான் நர்ஸ், ஹில்மர்."

ரக்னா பலகையைத் திருப்பினாள். இங்வில் உதட்டைப் பார்த்தாள், கழுத்து நரம்பைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள். பக்கத்தில் யாரிடமோ திரும்பி ஆம்புலன்ஸ் படகு என்றாள்.

"சான்று போச்சா?" என்று கேட்டான் ஹில்மர்.

"எனக்குத் தெரியாது. கையெழுத்து நான் போடறதில்ல. இந்த வருஷம் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்தத் தண்ணியோட போனீங்கன்னா முனையைத் தாண்ட மாட்டீங்க. அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

ஹில்மர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தொப்பி இல்லாமல் அவ்வளவு நேரம் அவன் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்து, பிள்ள" என்றான். "செத்துரும்."

படகு வரும்வரை ரக்னா அவனுக்குத் துணி மாட்டினாள். மிஷின்மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். கால்சட்டைப் பொத்தான் சேரவில்லை. கயிறு போட்டுக் கட்டினாள். காலுறையை அவள் மாட்டும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டான். பூட்ஸை அவனே வாங்கிக்கொண்டான். குதிகாலைத் தரையில் தட்டி உள்ளே தள்ளினான். ஏறவில்லை. பிடரி வியர்க்க இன்னொரு தரம் தள்ளினான். பாதம் கழுத்திலேயே நின்றுவிட்டது.

"ஈரமா இருக்கு, அதான்" என்றான்.

"மூணு வாரமாக் காஞ்சு கிடக்கு, ஹில்மர்."

அவன் பூட்ஸைப் பார்த்தான், காலைப் பார்த்தான். வெளியே ஒரு படகு எஞ்சின் கிளப்பிய சத்தம் கேட்டது. நல்ல எஞ்சின், ஆர்னுல்ஃபின் படகை வாங்கியவனுடையது.

"அப்ப நான் எதைப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போயிருப்பேன்?" என்று கேட்டான். கேள்வி ரக்னாவுக்கா, தனக்கேயா என்று தெரியவில்லை. அவள் தன்னுடைய கம்பளிச் செருப்பைக் கொண்டுவந்து அவன் காலில் மாட்டினாள்.

ஆம்புலன்ஸ் படகில் வந்தவர்கள் அவனைத் துறை வரைக்கும் சக்கர நாற்காலியில் தள்ளிப் போனார்கள். யோரூன் ஆலை வாசலில் கையுறையோடு நின்றாள், வாயைத் திறக்காமல். 'டெர்னா'வைத் தாண்டும்போது ஹில்மர் தலையைத் திருப்பவில்லை. "பூட்ஸை எடுத்தியா?" என்று மட்டும் கேட்டான்.

"எதுக்கு?"

"தண்ணி இறங்கிட்டா வர்ற வழிக்குப் போட்டுக்கணும்ல."

ரக்னா திரும்பி ஓடிப் போய் எடுத்து வந்தாள்.

படகு முனையை நோக்கித் திரும்பியது. அவனைச் சாய்த்து உட்கார வைத்து ஆக்சிஜன் குழாய் மாட்டினார்கள். ரக்னா எதிரில் உட்கார்ந்திருந்தாள், மடியில் பூட்ஸோடு. மருந்து ஊசியை எடுத்த ஆள், அளவு பார்ப்பதற்காகத் திரும்பிக் கேட்டான்.

"எடை எவ்வளவு?"

ஹில்மர் ரக்னாவைப் பார்த்தான். அவள் அவனுக்காகப் பதில் சொல்லவில்லை. அவன் குழாயைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டான்.

"தொண்ணூத்தஞ்சு" என்றான். "துணி இல்லாம."